பெயர் விடுபட்ட பிள்ளை

(தொடக்கப் பள்ளிகளில் புதிதாகப் பணியேற்ற இடைநிலை ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில், ஓய்வுபெற்ற ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு ‘குழந்தைகளிடம் அன்பு காட்டுவது எப்படி’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். போட்டவர்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பிரியம் வைக்க யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், பாதி உடம்பை மறைக்கிற பையை மாட்டிக்கொண்டு ஐந்து வயதுப் பிள்ளை வாசலில் வந்து நின்றால் கல்லும் கரையும். இடைவேளை முடிந்து வரும்போது டவுசர் பையிலிருந்து பாதி கடித்த கொடுக்காப்புளியை எடுத்து, ‘டீச்சர், இது உங்களுக்கு’ என்று நீட்டும். வாய் தவறி ‘அம்மா’ என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளும். இதற்கெல்லாம் மனம் இளகாதவர் இந்த வேலைக்கு வந்தால் இரண்டாம் மாதமே மாறுதல் கேட்டுப் போய்விடுவார். எனவே தலைப்பைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன். நம்மிடம் இருக்கிற அன்பு வகுப்பில் யாரிடம் போய்ச் சேருகிறது, யாரிடம் போகாமல் நின்றுவிடுகிறது? அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். வருகைப் பதிவேட்டைத் திறக்காமல், உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஞாபகம் வருகிற வரிசையிலேயே எழுதுங்கள். முதல் பத்துப் பெயர்கள் மளமளவென்று வந்துவிடும். கேள்வியை முடிப்பதற்குள் ‘நான் டீச்சர், நான் டீச்சர்’ என்று எழுந்து நிற்பவள் வருவாள். கரும்பலகை துடைக்க முண்டியடிக்கிறவன் வருவான். பக்கத்துப் பிள்ளையின் பல்பத்தைப் பிடுங்கித் தின்கிறவன் கட்டாயம் வருவான். சேட்டைக்காரர்கள் பெயர் ஒருநாளும் விடுபடாது. அதற்குப் பிறகு பேனா தயங்கும். சுவரோரமாக உட்காருகிற பெண் குழந்தையின் முகம் தெரியும், பெயர் நாக்கு நுனியில் நிற்கும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிறவன் நினைவுக்கு வர நேரமாகும். கடைசியில் ஒன்றிரண்டு பெயர்கள் வராமலே போகும். மறுநாள் பதிவேட்டைப் பார்த்ததும் ‘அட, இவளா!’ என்பீர்கள். அவள் முந்தின நாள் முழுக்க உங்கள் எதிரில்தான் இருந்தாள். அழவில்லை, சிரிக்கவில்லை, ஒண்ணுக்குப் போகணும் என்றுகூடக் கேட்கவில்லை.

அன்பு வாய்க்கால் தண்ணீர் மாதிரி. பள்ளம் கண்ட பக்கம் ஓடும். மேட்டு வயலுக்குப் போக வேண்டுமானால் ஒருவர் மண்வெட்டியோடு இறங்கி மடையைத் திருப்ப வேண்டும். அந்தத் தாளில் விடுபட்ட பெயர்கள்தான் உங்கள் மேட்டு வயல்.

எந்தப் பிள்ளை நம்மை ஈர்க்கிறது என்று கூச்சப்படாமல் பார்க்க வேண்டும். துவைத்து மடித்த சீருடை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, ஒரு முழம் பூ, பயமில்லாமல் நம் கண்ணைப் பார்க்கும் முகம். இவையெல்லாம் பிள்ளையின் குணங்களே அல்ல. அதிகாலையில் வேலைக்குக் கிளம்ப வேண்டிய அவசியமில்லாத தாய் ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். செங்கல் சூளையில் நள்ளிரவில் எழுந்து கல் அறுக்கப் போகும் பெற்றோரின் பிள்ளை, ஒழுகும் மூக்கோடும் பொத்தான் போன சட்டையை ஊக்குக் குத்தி மூடிய கோலத்தோடும் வரும். நாம் முன்னவளின் கன்னத்தைத் தட்டிக்கொடுக்கிறோம். பின்னவனைப் பார்த்து, ‘போய் மூக்கைச் சிந்திட்டு வாடா’ என்கிறோம். இரண்டையும் பாசத்தோடுதான் சொல்கிறோம் என்று நமக்குத் தோன்றும். கேட்கிற பிள்ளைகளுக்கு அப்படித் தோன்றுவதில்லை.

வேறு அடையாளங்களும் உண்டு. வகுப்பில் யாரைத் ‘தங்கம்’, ‘செல்லம்’ என்று கூப்பிடுகிறோம், யாரை ‘ஏய்’ என்று கூப்பிடுகிறோம்? தலைமையாசிரியர் அறையிலிருந்து சாக்பீஸ் வாங்கிவர யாரை அனுப்புகிறோம், துடைப்பம் எடுத்துவர யாரை அனுப்புகிறோம்? ஆண்டு விழா நடனத்தில் முன்வரிசையில் நிற்கும் பிள்ளைகள் என்ன நிறம்? இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டபோது ஒரு பயிற்சி வகுப்பில் பெரிய மௌனம் விழுந்தது. உங்களிடமும் அதே மௌனத்தைப் பார்க்கிறேன். பரவாயில்லை.

இதை வெறும் மனவருத்தக் கணக்கு என்று நினைக்காதீர்கள். படிப்பையும் இது தொடும். ராபர்ட் ரோசன்தால் என்ற உளவியலாளரும் லெனோர் ஜேக்கப்சன் என்ற பள்ளித் தலைமையாசிரியையும் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சான்பிரான்சிஸ்கோ பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளி. பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைத்துவிட்டு, ‘இந்தக் குழந்தைகள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறப் போகிறார்கள்’ என்று ஒவ்வோர் ஆசிரியரிடமும் சில பெயர்களைச் சொன்னார்கள். உண்மையில் அவை குலுக்கல் முறையில் எடுத்த பெயர்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகள். ஆண்டு இறுதியில் மறுபடி சோதித்தபோது, அந்தப் பெயர்களுக்கு உரிய பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். அந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில்தான். 1968இல் இது புத்தகமாக வந்தது. அந்தத் தேர்வு சின்னப் பிள்ளைகளை அளக்கப் போதாது என்று பின்னால் பலர் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. எண்களை நான் நம்பிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் ‘இவன் தேறுவான்’ என்று நினைக்கிற பிள்ளை பதில் சொல்லத் திணறும்போது நாம் இன்னும் கொஞ்சம் காத்திருக்கிறோம், ‘இவனுக்கு வராது’ என்று முடிவு செய்த பிள்ளையிடமிருந்து கேள்வியைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறோம். எந்த வகுப்பறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தாலும் இதைக் காணலாம். அந்தக் காத்திருப்பு சில விநாடிதான். ஆனால் ஒரு நாளில் அது எத்தனை முறை நடக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

கொரோனா முடக்கத்துக்குப் பிறகு 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறீர்கள். பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவது நல்ல முறை. அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் ‘அரும்பெல்லாம் இந்தப் பக்கம் வா’ என்று கூப்பிடுவதைக் காதால் கேட்டிருக்கிறேன். நிலை என்பது அட்டைக்கும் பாடத்துக்கும் உரியது. பிள்ளைக்குப் பெயர் இருக்கிறது.

இனி கொஞ்சம் கசப்பான இடத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் ஆசிரியரின் அன்பைப் பற்றி நம் ஊரில் பேசுவது பாதிப் பேச்சு.

அண்ணல் அம்பேத்கர் சாத்தாராவில் சிறுவனாகப் படித்த காலத்தைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார அவருக்கு அனுமதி இல்லை. ஒரு கோணிச் சாக்கை விரித்துத் தனியே உட்கார வேண்டும். பள்ளியைக் கூட்டுகிறவர் அந்தச் சாக்கைத் தொடமாட்டார் என்பதால் தினமும் அதை வீட்டுக்குத் தூக்கிப்போய், மறுநாள் தூக்கிவர வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது.

அதே சாத்தாராவில் அவர்மேல் பிரியம் வைத்த ஓர் ஆசிரியரும் இருந்தார். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அந்தச் செய்தி வருகிறது. பிராமண ஆசிரியர், பையன் மதியச் சாப்பாட்டுக்கு வீடுவரை போய்வர வேண்டியிருந்ததைப் பார்த்து, தன் சாப்பாட்டில் ஒரு பங்கை அவனுக்குத் தினமும் கொடுத்தார். அம்பேத்கர் பெரியவரான பிறகும் அந்த ஆசிரியரை மரியாதையோடு நினைவுகூர்ந்தார். நான் இந்த இடத்தைப் படித்தபோது ஒரு விவரத்தில் நின்றுவிட்டேன். அந்த உணவு பையனின் கைகளில் மேலிருந்து போடப்பட்டது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? அவர் போலி இல்லை. ஊரே ஒதுக்கிய பிள்ளைக்குத் தன் சோற்றைப் பகிர்ந்தவர். அன்றைய நிலையில் அதுவே பெரிய துணிச்சல். ஆனாலும் அந்த அன்புக்கும் பிள்ளையின் உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அந்த ஆசிரியரைக் குற்றம் சொல்ல இந்தக் கதையைச் சொல்லவில்லை. நூறு வருடத்துக்கும் மேல் கழிந்த பிறகு நம் வகுப்பில் அந்தச் சாண் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கத்தான் சொல்கிறேன். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்த பிறகு நம் கை தலையைத் தடவுவதில் தயங்குகிறதா? ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சாதியின் பெயர் தெரியாது. ஆனால் நோட்டுப் புத்தகத்தை வாங்கும்போது டீச்சர் விரல் படாமல் வாங்குகிறாரா என்பது தெரியும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இப்போது தொடக்கப் பள்ளிகளில் காலையில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் கிடைக்கின்றன. பசியோடு வந்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை அரசாங்கம் ஒத்துக்கொண்ட நாள் அது என்று நான் நினைக்கிறேன். அடுத்த ஆண்டே, சமைக்கிறவர் இன்ன சாதி என்று சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் பெற்றோர் தடுத்த செய்திகளும் பத்திரிகைகளில் வந்தன. அப்படி ஒரு காலை உங்கள் பள்ளியிலும் வரலாம். அன்று சுற்றறிக்கையைத் தேடாதீர்கள். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். யார் பக்கத்தில் என்று கேட்டால், அந்தத் தாளில் பெயர் விடுபட்டுப்போன பிள்ளையின் பக்கத்தில்.

பிள்ளை நம்மிடம் வராவிட்டால் நாம் போக வேண்டும் என்பதை இந்தியாவில் செய்துகாட்டிய இரண்டு பெண்களைச் சொல்லவேண்டும். தாராபாய் மோடக், அனுதாய் வாக். பாவ்நகரில் குழந்தைக் கல்வியாளர் கிஜுபாய் பதேகாவோடு வேலை செய்த தாராபாய், 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டி என்ற கடலோரக் கிராமத்துக்குப் போனார். அங்கே அனுதாய் அவரோடு சேர்ந்தார். பாலர் பள்ளி தொடங்கினார்கள். தலித் குடியிருப்புப் பிள்ளைகள் வரவில்லை. அதனால் பள்ளியே அந்தக் குடியிருப்பின் முற்றத்துக்குப் போனது. பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள், நகம் வெட்டினார்கள், பிறகுதான் பாட்டும் விளையாட்டும். இன்றைய அங்கன்வாடியின் வேர்களில் ஒன்று அந்த முற்றம். பின்னர் கோஸ்பாட் குன்றுப் பகுதியில் வார்லிப் பழங்குடிப் பிள்ளைகளிடம் போனபோது அங்கே வேறொரு சிக்கல். பிள்ளைகள் மாடு மேய்க்கப் போய்விடுகிறார்கள். சரி, மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி. மாடு ஒரு பக்கம் மேய, பாடம் ஒரு பக்கம் நடந்தது.

‘மூக்கைச் சிந்திட்டு வாடா’ என்று நாம் வாசலுக்கு அனுப்புகிறோமே, அந்த மூக்கைத் துடைத்துவிடுவதைப் பாடத்தின் முதல் பகுதியாக அவர்கள் வைத்திருந்தார்கள். உங்கள் மேஜை இழுப்பறையில் ஒரு பழைய வேட்டித் துணியைக் கிழித்து வையுங்கள், நாலைந்து ஊக்கு, ஒரு சீப்பு, ஒரு நகவெட்டி. சீப்பு போடும்போது பேனும் வரும். வந்தால் தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், வேறென்ன செய்வது!

சரி, அருகில் உட்கார்ந்தாயிற்று. அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை. பிறகு?

நியூசிலாந்தில் சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை இருந்தார். மாவோரிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் சிறுவர் வகுப்பை நடத்தியவர். அங்கே ‘ஜேனட் அண்ட் ஜான்’ என்ற வாசிப்புப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். அதில் வருகிற சுத்தமான வீடும் சுத்தமான பிள்ளைகளும் அந்த மாவோரிக் குழந்தைகளுக்குச் சம்பந்தமில்லாதவை. சில்வியா என்ன செய்தார் என்றால், காலையில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, ‘உனக்கு என்ன சொல் வேண்டும்?’ என்று கேட்டார். பிள்ளை கேட்ட சொல்லைப் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார். மறுநாள் அந்த அட்டையைப் பிள்ளை அடையாளம் கண்டால் அது அவனுடையது. காணாவிட்டால், அது அவன் மனசிலிருந்து வந்த சொல் இல்லை என்று அட்டையை எடுத்துவிடுவார். பிள்ளைகள் கேட்டவை அம்மா, முத்தம், பேய் போன்ற சொற்கள். பயமும் பாசமும்தான் முதல் பாடநூல் என்று அவர் கண்டுகொண்டார். 1963இல் வெளிவந்த அவருடைய ‘டீச்சர்’ என்ற புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது. கொஞ்சம் கிறுக்குத்தனமும் பெருமையும் கலந்த எழுத்து. ஆனால் படியுங்கள்.

இதை நம் வகுப்பிலும் செய்து பார்க்கலாம், நான் செய்திருக்கிறேன். தமிழில் பெரிய சொல் கேட்டால் எழுத்து அதிகமாகிவிடுமே என்று பயப்படவேண்டாம். பிள்ளை எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே சொல்லை முகமாக அடையாளம் கண்டுகொள்ளும். அணில், ஆடு, இலை என்று அட்டவணையைச் சொல்லும்போது கொட்டாவி விட்ட பையன், ‘லாரி’ என்ற அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்; அவன் அப்பா லோடு ஏற்றப் போகிறவர். இன்னொருவன் ‘போலீஸ்’ கேட்டான். பேய் எல்லா ஊரிலும் உண்டு, எங்கள் ஊரிலும் கேட்டார்கள். சுவரோரம் உட்கார்ந்து, மாதக்கணக்கில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தை, ஒருநாள் என் காதருகே வந்து ‘பாட்டில்’ என்று கேட்டது. எழுதிக் கொடுத்தேன். ஏன் அந்தச் சொல் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் அவள் அட்டையைச் சரியாக எடுத்தாள். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல மற்ற சொற்கள் வந்தன: அம்மாச்சி, கோழி, ரிப்பன்.

ஏன் கேட்கவில்லை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பிள்ளை தானாகச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது நம் வேலை. தோண்டித் துருவுவது நம் வேலை அல்ல. பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் சும்மா இருக்கக் கூடாது. தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. அங்கே நம் பாசத்தை நம்பிக்கொண்டு நாமே பஞ்சாயத்துப் பேசக் கிளம்புவது ஆபத்தானது.

தொடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலையைத் தடவுங்கள், கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுங்கள். ஆனால் விலகுகிற பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். ‘டீச்சர் கையைப் பிடிக்கட்டுமா?’ என்று கேட்டுப் பழகுங்கள். தன் உடம்பின்மேல் தனக்கு உரிமை உண்டு என்று ஒரு பிள்ளை வீட்டுக்கு வெளியே முதலில் கற்றுக்கொள்வது நம்மிடம்தான். அடிப்பது பற்றி நான் விவாதிக்கவே போவதில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலாலும் மனதாலும் துன்புறுத்துவதைத் தடுக்கிறது. ‘அடியாத மாடு படியாது’ என்று இன்னமும் சொல்கிறவர்கள் மாடு வளர்க்கப் போகலாம். மாட்டுக்கும் அது நல்லதில்லை.

நேரம் ஆகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இறங்கினால், வந்தவள் உபதேசம் பண்ணிவிட்டுப் போனாள் என்பீர்கள். இவ்வளவும் செய்ய நேரம் எங்கே? அறுபது பிள்ளைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டப்படி இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் தலைமையாசிரியர், அவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்தும் ஒருவர் தலையில். காலையில் கல்வித்துறையின் எமிஸ் செயலியில் வருகை போட வேண்டும், சிக்னல் கிடைக்காவிட்டால் மைதானத்து வேப்பமரத்தடிக்குப் போய் நிற்க வேண்டும். இடையில் சீருடைக் கணக்கு, செருப்பு அளவு, குடற்புழு மாத்திரை, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம். ஒரு பிள்ளையின் காதருகே குனிவதற்கு இந்த வேலைகளுக்கு நடுவேதான் நேரம் கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர் மனசு வைத்தால் எல்லாம் நடக்கும் என்று மேடையில் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். மனசுக்கும் ஆள்பலம் வேண்டும். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று கேட்பது சம்பளப் பேச்சல்ல, பிள்ளைகளுக்கான பேச்சு. உங்கள் சங்கக் கூட்டங்களில் அதை அப்படியே சொல்லுங்கள்.

அது கிடைக்கும்வரை, ஒருநாளைக்கு ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலின் கடைசிப் பெயரிலிருந்து தொடங்கி மேலே போங்கள். அன்று அந்தப் பிள்ளையிடம் பாடத்தைத் தவிர வேறு ஏதாவது பேசுங்கள், போதும். முன்வரிசைக்காரிக்குப் பொறாமை வரும். ‘டீச்சர், எங்கிட்டப் பேசவே மாட்டேங்கிறீங்க’ என்பாள். அவளால் தாங்க முடியும்.

கடைசியாக, ஏப்ரல் மாதம். ஓர் ஆண்டு முழுக்கப் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். ஜூனில் உங்களைப் பார்த்து ஓடிவந்து கட்டிக்கொள்வார்கள். ஜூலையில் கையை அசைப்பார்கள். ஆகஸ்டில் அதுவும் இருக்காது. புது டீச்சர் சொன்னதுதான் வேதம். இதற்கு மனசு கசங்கும், அதில் தப்பில்லை. ஆனால் ‘எங்கிட்ட இருந்தப்போ நல்லாப் படிச்சான்’ என்று ஆசிரியர் அறையில் சொல்லாதீர்கள். அதைவிட உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது. மதிப்பெண் பதிவேட்டில் வராத விஷயங்களை அடுத்த டீச்சருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இவளுக்கு இடது காது சரியாகக் கேட்காது, வலது காது உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். இவன் அப்பாவைப் பற்றி எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். இவர்கள் தை மாதம் சூளைக்குப் போய்விட்டு மழைக்குத்தான் திரும்புவார்கள், பெயரை நீக்கிவிடாதீர்கள். இவள் தலையை ஆட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, இன்னொரு முறை கேளுங்கள். பெயர் விடுபடுகிற பிள்ளைகளை முதலில் எழுதுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அந்த டீச்சருக்கும் எமிஸ் வேலை இருக்கிறது.